நாற்பத்தொன்றாம் பக்கம்

சௌரஸ்தா மார்க்கெட் மாடியில்
ஆறு வெள்ளிக்கு வாங்கிய தற்காப்புப் புத்தகம்.
நாற்பதாம் பக்கத்தில் அவன்
என் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறான்.
நாற்பத்து மூன்றில்
தரையில் கிடக்கிறான்.
நடுவில் இருந்த தாளை
யாரோ பிளேடு வைத்துச்
சுத்தமாக எடுத்துவிட்டார்கள்.

அவளுக்கு என்ன அவசரமோ.
அவள் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.
ஓரங்களில் பென்சிலால்
இடது கால், இடது கால் என்று
தன்னையே திட்டி எழுதியிருக்கிறாள்.

கோட்டுப் படங்களில் இருவருக்கும் முகமில்லை.
தெரிந்த முகங்களை
ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன்.
லைன் லீடர் பொருந்தினார்.
ஒரு மாமா பொருந்தினார்.
அதற்குமேல் வைக்கவில்லை.

விட்டுப்போனதைக் கைப்பேசியில் தேடினேன்.
நீல மெத்தைமேல் வெறுங்காலோடு
எந்த ஊர்க்காரியோ
வலது என்று சொல்லிக் கையைத் தூக்குகிறாள்.
திரையில் அது என் இடது பக்கம்.
மூன்று வாரம் தப்பாகவே திரும்பிவிட்டு
கைப்பேசியை அலமாரிக் கண்ணாடிக்குக் காட்டி
கண்ணாடியைப் பார்த்துப் பழகினேன்.
சரியாக
முழங்கை திரும்பும் நேரத்தில்
வட்டம் சுற்ற ஆரம்பிக்கும்.
எங்கள் மாடி முழுக்க ஒரே வைஃபை.
அதுவரை அவளும் அவனும்
கோபம் மறந்த தம்பதிபோல்
பிடித்தபடி நிற்பார்கள்.

இரவு ஷிப்ட் முடிந்து வந்த நோர்ஹயாத்தி
சீருடையை மாற்றாமலே எனக்கு எதிரியானாள்.
எங்கே பிடிக்க, என்றாள்.
படத்தில் உள்ளபடி, என்றேன்.
பிடித்தாள், ரொம்ப மரியாதையாக,
கவுண்டரில் மீதிச் சில்லறை வாங்குகிறவள்போல.
இப்படி எவன் பிடிப்பான் என்று கேட்டதும்
சிரிப்பை நிறுத்திவிட்டுப்
பின்னால் வந்து
கூந்தலைக் கொத்தாகப் பற்றினாள்.

எந்தப் பக்கத்திலும் அது இல்லை.
உனக்கு எப்படித் தெரியும் என்று
நான் கேட்கவில்லை.
கொஞ்ச நேரம் அவளும் விடவில்லை.
பிறகு மேகி கிண்டி
ஒரே சட்டியில் சாப்பிட்டோம்.

குரலுக்கென்று ஓர் அத்தியாயம் உண்டு.
வயிற்றிலிருந்து கத்து, என்கிறது.
அதை மட்டும் ஊமையாகப் பழகினேன்.
பக்கத்து வீட்டில் கைக்குழந்தை,
நடுவில் பிஸ்கட் மாதிரி ஒரு சுவர்.
வாயைத் திறப்பேன்,
காற்று வரும்.
எட்டு மாதம் அப்படி.

பாயான் லெப்பாஸில்
விமானம் தாழ்ந்துதான் இறங்கும்.
சக்கரத்தை எண்ணலாம்.
நடைபாலத்தின் நடுவில் நின்று
அது வரும்போது கத்துவது என்று தீர்மானித்தேன்.
மாலை ஆறு ஐம்பதுக்கு ஒன்று.
அதன் இரைச்சலுக்குள்
என் குரலை வைத்து மூடினேன்.
யாருக்கும் கேட்கவில்லை.
எனக்கும்தான்.

நேற்று அது தாமதம்.
நான் வானத்தைப் பார்க்கவில்லை.
வயிறு நேரம் பார்த்துப் பழகிவிட்டது.

வந்தது.

இவ்வளவு தடிப்பாக இருக்கும் என்று
எனக்குச் சொல்லியிருக்கலாம் யாராவது.
படிக்கட்டில் படுத்திருந்த நாய் எழுந்து
வேறு இடம் தேடிப் போனது.
கீழே மோட்டாரை நிறுத்திய சீனக் கிழவர்
ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி
என்னாச்சு என்று மலாயில் கேட்டார்.
ஒன்றுமில்லை அங்கிள், பழகுகிறேன்.
எதை என்று அவர் கேட்கவில்லை.
நான் பாலத்தைக் கடக்கும்வரை
எஞ்சினை உறுமவிட்டபடி நின்றார்,
எனக்குக் காவலாகவா
என்னைக் கண்டு பயந்தா
தெரியவில்லை.

விமானம் அப்போதுதான் வந்தது.
முழங்காலைக் கொஞ்சம் மடித்து
இடது காலை முன்வைத்து
இறங்கினேன்.