பத்துப் பேர், டுலூத், டிசம்பர்

பனி வாரும் லாரியை டிப்போவில் விட்டுவிட்டு
காலை ஆறு மணிக்குப் பட்டியலைத் தொடங்குகிறேன்,
சம்பளக் கவரின் பின்பக்கத்தில்.
போன வருடப் பட்டியலைக் காமிக்ஸ் கடை ஓயாலா
கல்லாவுக்குப் பின்னால் ஒட்டிவைத்தார்.
வந்தவர்களெல்லாம் ஏசினார்கள்.
ஏசுவதற்கென்றே வந்தார்கள் இரண்டு பேர்.

பத்தாமிடம் கிரேடி பெல்ரினுக்கு.
போன வருடம் முதலிடம் இவருக்குத்தான்.
'இரும்பு நாரை' மேலெழும் அந்த இரட்டைப் பக்கம்
இன்னும் என் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது.
இந்த வருடம் அதே சிறகை
நாலு இதழில் நாலு கோணத்தில் திருப்பி ஒட்டிவிட்டார்.
தெரியாது என்று நினைத்தாயா, கிரேடி?
நாங்கள் இறகுகளை எண்ணுகிறவர்கள்.

ஒன்பது, இமோஜென் ராஸ்க்.
வில்லனுக்கு முழங்கால் வலி கொடுத்த கதாசிரியர்.
வங்கிப் படியில் ஏறும்போது
ஒரு நொடி கைப்பிடியைப் பற்றுகிறான் அவன்.
அந்த நொடிக்காகத்தான் இந்த இடம்.
மற்ற இருநூறு பக்கமும் பரவாயில்லை ரகம்.

எட்டை எழுதி அடித்துவிட்டேன்.
யாரென்று சொல்லமாட்டேன்.

ஏழில் அரை மணி நேரம் நின்றுவிட்டது பேனா.
டெஸ்மண்ட் ஒபியோரா, நிறம் தீட்டுபவர்.
நகரம் மூழ்கும் இதழில் வானத்துக்கு
ஆறிவரும் கன்றிப்போன காயத்தின் மஞ்சளைக் கொடுத்தார்.
நவம்பரில், புயலுக்குச் சற்று முன்,
இந்த ஏரிமேல் அந்த மஞ்சளைப் பார்த்திருக்கிறேன்
பாலத்தில் லாரியை நிறுத்தி.
நான் ஒருவன் மட்டும் பார்த்தது என்றிருந்தேன்.
அவர் இருப்பது அட்லாண்டாவிலாம்,
எங்கள் ஏரியை எட்டிக்கூடப் பார்த்ததில்லையாம்.
எனக்குக் கொஞ்சம் கோபம்.
ஆகவே ஏழு. கோபம் தணிந்தால் மூன்று.

ஆறு, ஐந்து, நாலு:
எப்படி மாற்றிப் போட்டாலும்
ஓயாலாவின் மகள் கிர்ஸ்டி சண்டைக்கு வருவாள்.
கோடு மட்டும் போட்டிருக்கிறேன்,
அவளே நிரப்பிக்கொள்ளட்டும்.

மூன்று காலி. காரணம் மேலே.

இரண்டு, மை தீட்டும் ஹாலிஸ் ட்ரம்போவர்.
பென்சில் எட்டுக் கோடு போட்ட இடத்தில்
இவர் ஒன்றை விட்டுவைக்கிறார்.
மேலங்கி காற்றில் படபடப்பதில்லை,
நனைந்து, கனத்து, தோளைப் பின்னால் இழுக்கிறது.
பறப்பவனுக்கும் பாரம் உண்டென்று
ஒரே கோட்டில்.

ஒன்று.
இருபத்திரண்டு வருடமாக
இந்த வேலைக்கு நான் இடமே கொடுத்ததில்லை.
குமிழுக்குள் பேச்சை எழுதுகிறவர்.
வாசிக்கும்போது அவர் கண்ணில் பட்டால்
அவர் தோற்றுவிட்டார் என்று அர்த்தம்.

'சாம்பல் மணி', பதினோராம் இதழ்.
அவளுக்குக் குரல் போய்விடுகிறது.
குமிழ் வருகிறது, அதன் வால் வாயைத் தொடுகிறது,
உள்ளே ஒன்றுமில்லை.
அடுத்த கட்டத்தில் குமிழ் இன்னும் சிறிது.
அதற்கடுத்ததில் பட்டாணி.
பிறகு வால் மட்டும்
உதட்டில் ஒட்டிய நூலாக.

அதிகாலை மூன்றுக்கு, எஞ்சின் ஓட, அதைப் பார்த்தபடி இருந்தேன்.
ரேடியோவில் டிப்போ என்னைக் கூப்பிட்டது.
வாயைத் திறந்தேன்.
வார்த்தை வரக் கொஞ்சம் நேரமானது.

கவரை வாங்கி ஓயாலா மேலிருந்து படித்தார்.
"வேரா ஸ்காரப்? யாரிது?"
இதழை எடுத்துக் கொடுத்தேன்.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
பெயர்களில் கடைசி வரிக்கு, எறும்பு அளவு எழுத்துக்கு
விரலை நகர்த்தினார்.
"ஸ்காரப் இல்லையப்பா. ஸ்காருப்."

ஓர் எழுத்துதான்.
பேனாவில் மை உறைந்திருந்தது.
முனையில் வாயை வைத்து ஊதினேன்.
எனக்குப் பின்னால் அதற்குள் ஒரு குரல்,
"கிரேடிக்குப் பத்தா? உனக்குக் கண் இருக்கிறதா?"
இரு, இரு,
முதலில் இதைச் சரியாக எழுதிவிடுகிறேன்.