ஈர்ப்புகள் என்று ஒரு கட்டம்

எழுதிக்கங்க சார்.
பேரு ஏகவள்ளி. ஊரு தாழங்குப்பம்.
தொழில் பலூன் சுடுறது.
சுடுறது வர்றவங்க. நான் ஊதிக் கட்டுறவ.

வரலாறுன்னு அஞ்சு கோடு வுட்டிருக்கீங்க.
பத்தாது. ஆனாலும் சொல்றேன்.
சனிக்கிழமையானா வெள்ளக்காரன்
கோட்டையைப் பூட்டிட்டு
கால்வாயில படகேறி வருவானாம்.
ஆத்துக்கும் கடலுக்கும் நடுவுல
நீட்டு நீட்டா பங்களா, பாய்மரப் பந்தயம்.
ஆளியை உயிரோட பொளந்து
எலுமிச்சம்பழம் புழிஞ்சு வாயில கவுப்பானாம்.
காத்து வாங்க வந்தவன் சார்.
எண்ணூருக்கு.
காத்து வாங்க!
சிரிக்காதீங்க. மூக்குல கர்ச்சீப்பு வச்சிருக்கீங்களே,
அதுக்கெல்லாம் முன்னாடி
இங்க மூக்கு சும்மா இருந்திச்சு.
பந்தயத்துல ஜெயிச்ச தொரை பேரை
எங்கியாவது எழுதி வச்சிருப்பாங்க.
படகைத் தள்ளினவன் பேரு
எங்க வூட்டுலயே யாருக்கும் தெரியல.

எங்க அண்ணன் தேசப்பன் கப்பல்ல சமையக்காரன்.
இஞ்சின் ரிப்பேருக்கு நின்ன ஒம்பது நாள்ல
அவங்க தேசத்துக் கடற்கரை ஊரு ஒண்ணைப் பாத்துட்டு வந்தான்.
இரும்புக் காலு வச்ச பாலம் கடலுக்குள்ள போவுதாம்.
அக்கரைக்குப் போவாதாம், பாதியிலயே நின்னுடுமாம்.
இன்னாத்துக்குடான்னேன்.
நடந்து போயிட்டுத் திரும்பி வர்றதுக்குத்தானாம்.
கழுதைமேல புள்ளைங்கள ஏத்திக் காசு வாங்குறாங்களாம்.
பொம்மை ஒண்ணு பொண்டாட்டியை அடிக்குதாம்,
ஜனம் கைதட்டுதாம்.
கெழவனும் கெழவியும் கோட்டு மாட்டிக்கிட்டு
சாய்வு நாற்காலியில மழையைப் பாத்துக்கிட்டே
உக்காந்திருந்தாங்களாம்.
எழுந்து போவ மாட்டாங்களாம்.
நாற்காலிக்கு வாடகை குடுத்துட்டாங்களாம்.
"நம்ம ஊரேதான் ஏகா,
வெயிலுக்குப் பதிலா மழை"ன்னான்.
அங்கயும் பலூன் சுடுற கடை இருக்காம்.
துப்பாக்கி அங்கயும் கோணலாம்.

அடுத்து இன்னா, ஈர்ப்புகளா?
காணும் பொங்கல், போட்டுக்கங்க.
கத்திவாக்கம் ஸ்டேஷன்ல ரயிலு கொட்டிட்டுப் போற ஜனம்.
மிளகா பஜ்ஜி.
கருங்கல்லு மேல ஏறி செல்ஃபி எடுக்குற ஜோடி.
கையால சுத்துற ராட்டினம்,
அதுல வெள்ளக் குதிரைக்கு ஒரு காது கெடையாது,
ஆனா எல்லாப் புள்ளையும் அதுலதான் ஏறணும்னு அழுவும்.
பொகை வராத பொகைபோக்கி.
வெளியூர்க்காரங்க கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு
அதைத்தான் போட்டோ புடிக்கிறாங்க.
புயலோட எண்ணெய் வந்த வருஷம்
முகத்துவாரத்துல கூழைக்கடா ஒண்ணு
தாரு பூசினாப்புல நின்னுச்சு.
அதையும் கார் போட்டுக்கிட்டு வந்து பாத்தாங்க.
அது ஈர்ப்புல வருமா, வராதா?
நீங்களே முடிவு பண்ணிக்கங்க.

ஒண்ணு வுட்டுட்டேன்.
போன ஐப்பசியில கடல் அரிச்சப்ப
செங்கல் படி நாலு வெளிய வந்திச்சு.
க்ளப்புப் படின்னான் ஒருத்தன், ஐஸ் கிடங்குன்னான் ஒருத்தன்.
ரெண்டு பேருக்கும் சண்டை.
நான் என் பலகையை அதுமேல வச்சேன்.
ஆட்டமே இல்ல சார்.
இத்தனை வருஷத்துல பலகை ஆடாம நின்னது
அந்தப் பதினோரு நாள்தான்.
அப்பால கடல் எடுத்துக்கிச்சு.

மணலோட அகலமா?
எந்த வருஷத்து அகலம்?
முத முதல்ல கடை போட்டப்ப
தண்ணிக்குப் போவ எண்பத்தாறு அடி, நானே நடந்து எண்ணினேன்.
இப்ப பலூன் வெடிச்சா
ரப்பர் துண்டு அலையில வுழுது.
அந்தக் கட்டத்தைப் பென்சில்ல எழுதுங்க.

கெளம்புறீங்களா? ஒரு ஆட்டம் சுட்டுட்டுப் போங்க.
காசு வேணாம். ஆறு குண்டு.
மஞ்சள் பலூன் வேணும்னா
ரெண்டு விரக்கடை இடப்பக்கம் தள்ளிப் புடிங்க.
இதை எல்லாருக்கும் சொல்ல மாட்டேன்.
படிவத்துலயும் எழுதிடாதீங்க.