இருபத்தொன்பது யூனிட்

ஆரையம்பதியில் என் பங்குக்கு
இருநூற்றுப் பன்னிரண்டு வீடு.
மாதம் ஒருமுறை படலை தட்டுகிறவன்,
மின்மானி வாசிப்பவன்.
கொப்பியின் ஓரத்தில், இலக்கங்களுக்குப் பக்கத்தில்
பென்சிலால் சின்னக் குறிப்புகள்:
'படலை இறுக்கம்'. 'குளவிக்கூடு'.
'நாய், குரைக்கும்'.
'நாய், குரைக்காது. கவனம்'.

பேரின்பராசா சேர் வீட்டில்
மானிப் பெட்டிக்குக் கீழே ஓர் ஆணி.
ஆணியில் ஒரு சங்கிலி.
மூன்று வருடமாகப் பார்க்கிறேன்,
மானி ஓடியது, சங்கிலி அசையவில்லை.
கொளுக்கிக்குள் சிலந்தி வலை கட்டிக்
குஞ்சும் பொரித்துவிட்டது.
பிறவுணி முற்றத்தில் நின்றது, படலையில் நின்றது,
ஒழுங்கை நீளத்துக்கும் நின்றது.

"அது ஒண்டும் செய்யாது தம்பி, நீங்க வாங்க."

பங்குனியில் என் காற்சட்டை கிழிந்தது.
கெண்டைக்காலில் இரண்டு பல்.
"நீங்க ஓடினீங்க, அதுதான்" என்றார்.
நான் ஓடவில்லை. குனிந்து இலக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிளேன்ரீ தந்தார். ஆயிரம் ரூபாய்த் தாளொன்றை
மடித்து என் சட்டைப்பைக்குள் வைத்தார்.
நல்ல மனிசன். தேத்தண்ணிக்குள் இஞ்சியும் தட்டிப் போட்டிருந்தது.
குடித்தேன்.
விசர் ஊசியை நானே தனியப் போய்ப் போட்டுக்கொண்டேன்.
கொப்பியில் 'நாய்' என்ற சொல்லுக்குக் கீழே
ஒரு கோடு மட்டும் இழுத்தேன்.

அந்தக் கோடு போதவில்லை.

ஆனி மாதம். கச்சான் மணலை வாரி அடித்த பின்னேரம்
ரியூசன் விட்டு வந்த கேஷிகா, எட்டு வயது,
சந்தியில் சைக்கிளோடு விழுந்தாள்.
விழுத்தப்பட்டாள்.
கன்னம். கண்ணுக்கு ஒரு விரல் கீழே.
மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில்
புண்ணைச் சுற்றியே ஊசி குத்தினார்களாம்.
பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினாலாம் நாள்.
தாய் ரஜிதமலருக்குக் காத்தான்குடியில் தையல் வேலை,
ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு நாள் சம்பளம் வெட்டு.
சேர் பார்க்கப் போனாராம்,
ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலும் நாலு அப்பிளும்.
"அது இண்டைவரைக்கும் ஒருத்தரையும் கடிச்சதில்ல"
என்றாராம்.

ஒருத்தரையும்.

கெண்டைக்காலைத் தடவிப் பார்த்தேன்.
இரண்டு புள்ளி, ஒன்றுக்கு மேல் ஒன்று,
முக்காற்புள்ளி மாதிரி.
அதற்குப் பிறகு வரவேண்டியதை
நான்தான் எழுதாமல் விட்டேன்.

ஆடி வாசிப்பு. ரஜிதமலர் வீடு.
இரண்டு அறை, ஒரு காத்தாடி, மூன்று குண்டு பல்ப்.
எந்த மாதமும் அறுபதைத் தாண்டாது.
இம்முறை எண்பத்தொன்பது.
கண்ணாடியைத் துடைத்து இரண்டாம் தரமும் பார்த்தேன்.
"லைற்ற நூக்க விடுறாள் இல்ல" என்றாள் தாய்.
"மூண்டும் விடிய விடிய எரியுது.
இருட்டுக்குள்ள அது நிக்குதாம்,
மூச்சு விடுறது கேக்குதாம்."
கதவுச் சீலைக்குப் பின்னால் ஒரு கண்.
மற்றப் பக்கத்து முகம் வெளியே வரவில்லை.
மெசினிலிருந்து சிட்டை வந்தது, சூடாக,
அவள் பெயரில்.

என் மெசினில் நிலுவைக்குப் பட்டன் உண்டு,
துண்டிப்புக்கு உண்டு.
ஒரு வீட்டின் பயத்தை
இன்னொரு வீட்டுக் கணக்கில் ஏற்ற
ஒன்றுமில்லை.

சேர் வீட்டு ஆணி வெறுமையாக இருந்தது.
சுவரில் துரு மட்டும் சங்கிலியின் நீளத்துக்கு.
கொய்யாமரத்தடியில் பிறவுணி,
என்னைக் கண்டு வாலாட்டியது.
அதற்கு என்ன தெரியும்.
"இப்ப கட்டித்தான் வச்சிருக்கன் தம்பி, பாவம்" என்றார்.
யார் பாவம் என்று சொல்லவில்லை.
பிளேன்ரீ வந்தது.

"அடுத்த ஒழுங்கையில
இருபத்தொன்பது யூனிட் கூடியிருக்கு சேர்."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

கொப்பியைக் கதிரையில் வைத்துவிட்டுக்
காற்சட்டையை முழங்கால் வரைக்கும் சுருட்டினேன்.
தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.