ஐம்பத்தொரு சென்ட்

டாக்ஸியை அணைக்காமலேயே உள்ளே வந்தான் வாரஸ்தாத்.
நோர் ஹாச்னில் அன்று முழங்கால் வரை பனி.
தீப்பெட்டிக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் ஒரு வட்டக் கல்.
ஒரு காரட், நாற்பத்திரண்டு சென்ட்.
இடுப்பில் ஒரு மூளி.

எறிந்தது யார் என்று நான் கேட்கவில்லை.
வைரம் தானாக மூளியாவதில்லை.
குளியலறைத் தரை, ரேடியேட்டர், கார்க் கதவு,
எதுவாகவும் இருக்கலாம்.
"அவளே பார்த்தாலும் அடையாளம் தெரியக்கூடாது.
அப்படி வெட்டு" என்றான்.

சின்ன வட்டமாக்கலாம்தான்.
ஆனால் அது இளைத்துப்போன அதே கல்.
ஆகவே பேரிக்காய்:
மூளியை ஒரு தோளின் சரிவில் கரைத்து,
அதற்கு ஈடாக
ஒரு குற்றமும் செய்யாத மறு தோளையும் சரித்து,
இரண்டும் போய்ச் சேரும் இடத்தில் ஒரு கூர்.

ஒன்பது நாள்.
ஆலிவ் எண்ணெயில் குழைத்த வைரப்பொடி,
சுற்றும் இரும்புத் தட்டு,
காதுக்குப் பழகிவிட்ட அந்தக் கிறீச்சொலி.
கடைசி நாள் கூர்முனை.
பக்கத்து மேஜை ஹொரென் கேட்காமலே ரேடியோவை நிறுத்தினான்.
வயிற்றில் பிழை செய்தால் மறைக்கலாம்,
கூரில் பிழைத்தால்
மறுபடி முதலிலிருந்து, இன்னும் சின்னதாக.

ஒன்றைச் சொல்லவில்லை நான் அவனிடம்.
கல்லுக்குள்ளே
சாய்ந்த மயிரிழை போல ஒரு கோடு இருந்தது.
இன்னும் பதினோரு சென்ட் தேய்த்தால் போய்விடும்.
தேய்க்கவில்லை.
ஏனென்று கேட்டால் எடைக்காக என்றுதான் சொல்வேன்.

வந்தான். ஒரு கண்ணை மூடி,
பூதக்கண்ணாடி இல்லாமலே குனிந்து பார்த்தான்.
"நடுவில் கறுப்பாக என்ன?"
ரஷ்யப் பாடப் புத்தகத்தில் அதற்குப் பட்டாம்பூச்சி என்று பெயர்,
நீளக் கற்கள் எல்லாவற்றிலும்
இறக்கை விரித்து உட்கார்ந்திருக்கும்.
"அழுக்கா?"
"உன் தலை" என்றேன்.
"என்னது?"
"வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறாய்.
கல் அதைத்தான் காட்டுகிறது.
கொஞ்சம் தள்ளி நில்."

தள்ளி நின்றான்.
ஒரு அடி. இன்னொரு அடி. கதவு வரைக்கும்.
அங்கிருந்து கல்லே தெரியாது,
ஆனாலும் ஏதோ தெரிந்தது போல நின்றான்.

பிறகு தராசு. தொண்ணூற்றொன்று.
"மிச்சம் ஐம்பத்தொன்று எங்கே?"
தட்டைக் காட்டினேன்.
எண்ணெயோடு எண்ணெயாகச் சுற்றிக்கொண்டிருந்தது,
அபோவ்யானில் யாரோ ஒரு மணப்பெண்ணின் கல்லைத்
தேய்த்துக்கொண்டிருந்தது.
வைரத்தைத் தேய்க்க வைரம்தானே வேண்டும்.
சிரிப்பான் என்று நினைத்தேன்.
கூலியை எண்ணி வைத்தான், ஆயிரம் டிராம் கூடுதலாக.
மோதிரத்தில் பதிக்கும்போது கூருக்கு ஒரு கவ்வி போடச் சொல், மறக்காதே என்றேன்.
மோதிரமா, என்றான். தீப்பெட்டியை மூடினான்.

மார்ச்சில், ரோடெல்லாம் சேறாய்க் கிடந்தபோது,
அதே தீப்பெட்டியோடு ஒரு பெண்.
"மாடிப்படியில் கிடந்தது. சீட்டு இல்லை, ஒன்றும் இல்லை.
உங்கள் கடை முத்திரை மட்டும் இருந்தது.
இது என்னுடைய கல்தானே?"
நான் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
"பதினோரு வருஷம் பாத்திரம் கழுவியிருக்கிறேன்
இதைப் போட்டுக்கொண்டு.
உள்ளே ஒரு முடி இருக்கும், இடப்பக்கம் சாய்ந்து.
அவன் ஒரு நாளும் பார்த்ததில்லை."

காப்பி வைத்தேன். குடிக்கவில்லை.
மோதிரம் இல்லாத விரலின் மேல்
கல்லைச் சும்மா வைத்துப் பார்த்தாள்.
"எது மேலே?"
கூர் நகத்தைப் பார்த்தால் விரல் நீளமாகத் தெரியும்,
தன்னைப் பார்த்து வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு,
சட்டம் எதுவும் இல்லை என்றேன்.

நகம் பக்கம் திருப்பினாள்.
மணிக்கட்டுப் பக்கம் திருப்பினாள்.
தலையைக் கொஞ்சம் பின்னால் இழுத்தாள்,
நான் ஒன்றும் சொல்லாமலே.
மறுபடி நகம் பக்கம்.
வெளியே எதற்கோ ஒரு கார் ஹாரன் அடித்தது.
விரலை அசைக்காமல்
அவள் ஜன்னலை மட்டும் பார்த்தாள்.