காலி செய்த பீப்பாய்

குளச்சலில் மழை விட்ட இரவு.
கப்பலிலிருந்து வந்த மைத்துனன் டயோனிஸ்
விஸ்கித் தம்ளரைச் சாய்த்துக் காட்டுகிறான்.
ஸ்காட்லாந்தில் பத்து வருடம் ஒரு பீப்பாயாம்,
கடைசி ஒன்றரை வருடம்
ஷெர்ரி இருந்து காலி செய்த இன்னொன்றாம்.
"மோந்து பாரும் அளியா. அவசரப்படாதயும்."

உலர்ந்த திராட்சை.
மாறாமலைக் கிராம்பு, சாக்குப் பிரித்ததும் முகத்தில் அடிப்பது.
நனைந்த வள்ளத்தின் அடிப்பலகை.
மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டால்
ஆரஞ்சுத் தோல். பிறகு
பேர் தெரியாத ஒரு கசப்பு
நாக்கோரத்தில், போக மனமில்லாமல்.

"ஷெர்ரிய இதுல கலப்பானுவளா?"
"ஒரு சொட்டு கெடயாது. மரத்துல ஏறுனதுதான்."

உள்ளே பிளாசிடா நெத்திலி வறுக்கிறாள்.
இந்த வீட்டுக்கு நான் வந்து ஆறு வருடம்.
குழம்பில் அவள் புளி குறைப்பது
கடலோடு போன பெலவேந்திரனுக்குப் பழகிய கை.
கட்டிலில் சுவரோரம் படுப்பதும் அப்படித்தான்.
இப்போதெல்லாம்
மார்த்தாண்டத்தில் ஓட்டல் சாப்பாடு
எனக்குப் புளிக்கிறது.

"என்ன ருசி தெரியுது?"
டயோனிஸ் விடுவதாயில்லை.
வாயில் இருப்பதை
விழுங்காமல் வைத்திருக்கிறேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்கிறேன்.
"இன்னும் கொஞ்சம் ஊத்தும்."