திங்களன்று சுவர் மூடப்படும்

தார்த்துவில் நவம்பர் இருட்டு.
சுவர்கள் இன்னும் விலாவெலும்போடு நிற்கின்றன.
"கேட் சிக்ஸ் தாராளம்" என்கிறான் உர்மாஸ்.
லீவி பேசவில்லை.
மலிவாய் வந்த சுருளின் முனையை
உருளைக்கிழங்குக் கத்தியால் சுரண்டுகிறாள்.
மேலே செம்பு.
உள்ளே வெள்ளைவெளேரென்று அலுமினியம்.
சிவந்ததெல்லாம் செம்பா?

அடுத்த சுருள் தடிமன், விலையும் கூட.
மூலைக்கு மூலை வளைய மறுக்கிறது.
அறுத்துப் பார்த்தால் நான்கு இணை,
ஒவ்வொன்றும் வெவ்வேறு முறுக்கு:
ஒன்றின் பேச்சு மற்றதன் காதில் விழக்கூடாதாம்.
"நம் வீட்டுக்கே இப்படி முறுக்கியிருக்கலாம்" என்கிறான்.
மாடியில் மகன்
டிராம்போனை அழவைத்துக்கொண்டிருக்கிறான்.

கூடத்துக்கு இரண்டு, மாடிக்கு இரண்டு.
பிறகு, வரைபடத்தில் இல்லாத ஒன்று:
பெயின்ட் டப்பாக்கள் மட்டும் குடியிருக்கும்
வடக்கு அறைக்கு
லீவி தானே இழுத்துக் கட்டுகிறாள்.

ஏன் என்று கேட்க
உர்மாஸுக்குத் திங்கள்வரை நேரமிருக்கிறது.