நானூற்றுப் பதினெட்டின் எண்ணெய்

தண்டையார்பேட்டை டீசல் ஷெட்டில்
இன்ஜின் மேல் ஏறாதவள் நான் ஒருத்திதான்.
என்னிடம் அது பாட்டிலில் வரும்.
நூறு மில்லி, சூடு ஆறாமல்,
கழுத்தில் நூல் கட்டிய அட்டையில்
எண், தேதி, ஓடிய நாள்.

தாளில் ஒரு சொட்டு விடுவேன்.
நடுவில் கரி, சுற்றி வெளிறிய வளையம்.
வளையம் போகும் தூரம்தான்
எண்ணெயில் மிச்சமிருக்கும் தெம்பு.
சூடான தகட்டில் இன்னொரு சொட்டு:
சும்மா புகைந்தால் சரி,
சடசடத்தால் எங்கோ தண்ணீர் புகுந்திருக்கிறது.
பிறகு மின்பொறியில் எரித்து நிறம் பிரிப்பேன்.
செம்பு என்றால் பேரிங்.
குரோமியம் என்றால் பிஸ்டன் வளையம்.
சிலிக்கான் என்றால் காற்று வடிகட்டி கிழிந்து
காசிமேட்டு மணலைத் தின்றிருக்கிறது.

பதினாறு சிலிண்டர்,
பாதி விரித்த புத்தகம் போல எட்டும் எட்டுமாகச் சாய்ந்து.
வரைந்தவர்கள் குளிர்நாட்டுக்காரர்கள்,
மே மாதத்து பேசின் பிரிட்ஜை அறியாதவர்கள்.
போகிக்கு மூன்று அச்சு; இடைவெளி சமமில்லை.
மோட்டாருக்கு இடம் விட்டதில்
ஓர் அச்சு தள்ளிப் போய்விட்டது.
அதனால் தண்டவாள இணைப்புகளில் கொஞ்சம் நொண்டும்:
தடக் தடக்
            தடக்.
கொருக்குப்பேட்டை கேட்டில் கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன்
நம்ம ஷெட் வண்டி என்று.

புகையைத் திட்டாதவர் கிடையாது.
மாடியில் காயும் துணியெல்லாம் கரி என்று
எங்கள் தெருவே வைதது.
எங்கே வேலை என்று நான் வாய் திறந்ததில்லை.
டிரைவர் நாட்ச் ஏற்றியதும் டீசல் வந்துவிடும்.
காற்றைத் தள்ளவேண்டிய டர்போவோ
அந்தப் புகை தள்ளித்தான் வேகம் எடுக்கும்.
ஆக, சோறு முதலில், மூச்சு பிறகு.
நடுவில் உள்ள சில நொடிதான் அந்தக் கறுப்பு.
இதைத் தெருவில் யாரிடம் சொல்ல?

தொண்ணூற்றாறு ஆடியில்
நானூற்றுப் பதினெட்டுக்குச் செம்பு ஏறியது.
பன்னிரண்டு. பத்தொன்பது. முப்பத்தேழு.
நிறுத்தவும் என்று சிவப்பில் எழுதினேன்.
ஃபோர்மேன் தைரியநாதன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"சத்தம் நல்லாத்தானே இருக்கு.
பாட்டிலைப் பார்த்து வண்டியை நிறுத்தினா
விஜயவாடா சரக்கை யாரும்மா இழுக்கறது, நீயா?"

போனது.

சூளூர்ப்பேட்டை தாண்டி
பேரிங் உருகித் தண்டைக் கவ்விக்கொண்டது.
ஏழு மணி நேரம் பின்னால் வந்த வண்டியெல்லாம் நின்றன.
இழுத்துவந்த அன்று அவர் ஒன்றும் பேசவில்லை.
மறுநாளிலிருந்து பாட்டிலை ஆள்விட்டு அனுப்பாமல்
தானே கொண்டுவந்தார்.
மேசைக்கு அந்தப் பக்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
பிரசவ வார்டு வாசலில் நிற்பவர் போல நிற்பார்.
"எவ்வளவு?" என்பார்.
"இன்னும் எரியலை சார்."

அந்த வருஷமே ஸ்டான்லியில் எனக்கும் ரத்தம் எடுத்தார்கள்.
இரும்பு குறைவு என்றாள் டாக்டர் பெண்.
சிரித்துவிட்டேன். அவளுக்குக் கோபம்.
அங்கே இரும்பு ஏறினால் வியாதி,
எனக்கு இறங்கினால்.

மின்கம்பிகள் வந்தன.
நானூற்றுப் பதினெட்டுக்குக் கடைசி நான்கு வருஷம்
யார்டில் வாகன்களை மாற்றிப் போடும் வேலை.
பிறகு பக்கவாட்டில் சுண்ணாம்பால் பெருக்கல் குறி,
எடைக்கு விலை.
ஏலம் எடுத்த அன்வர்தீன் ஒரு சுற்றுச் சுற்றி வந்து
"எண்ணெயும் எடையில சேர்த்தியா?" என்றார்.
இல்லை, வடித்துவிடுங்கள் என்றார்கள்.

பீப்பாயில் விழும் கறுப்புத் தாரையில்
ஒரு பாட்டிலை நீட்டிப் பிடித்தேன்.
யாரும் கேட்கவில்லை.
செம்பு ஆறு. இரும்பு பதினொன்று. தண்ணீர் இல்லை.
குறிப்பு என்ற கட்டத்தில்
எப்போதும் எழுதுவதையே எழுதினேன்:

ஓடத் தகுதி உண்டு.
அடுத்த சாம்பிள் பதினைந்து நாளில்.